சின்னப் பிள்ளைகளோடு சென்னைக்குக் குடிவருகிறீர்களா? எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

தென்மாவட்டங்களிலிருந்தோ கொங்குப் பக்கத்திலிருந்தோ வேலை மாறிச் சென்னைக்கு வரும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகிற ஒரு பிள்ளை, இடுப்பில் ஒரு பிள்ளை என்ற கணக்கு. என் குடும்பத்தையும் அப்படித்தான் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு எங்கள் பகுதிக்கு வந்த சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் பலருக்கு வீடு பார்க்கவும் பள்ளியில் சேர்க்கவும் கூடவே அலைந்திருக்கிறேன்.

பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். சம்பாதிக்கிறவரின் அலுவலகத்துக்குப் பக்கமாக ஒரு வீட்டைப் பிடித்துவிட்டு, மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். அலுவலகம் போகிறவர் காலையில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புகிறார். பகல் முழுக்க அந்தத் தெருவில், அந்தத் தண்ணீரில், அந்த மாடிப்படியில் வாழப்போவது பிள்ளைகளும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவரும். அவர்களுடைய ஒரு நாளை மனதில் வைத்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள வரிசையை அதற்காகத்தான் இப்படி அமைத்திருக்கிறேன்.

1. ஊரை விட்டுக் கிளம்புமுன் முடிக்க வேண்டியவை

முதலில் பள்ளி மாற்றுச் சான்றிதழ். காகிதத்தைக் கையில் வாங்கியதோடு வேலை முடியாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண், அதாவது கல்வித்துறையின் கணினிப் பதிவு எண், இருக்கிறது. பழைய பள்ளி அந்த எண்ணைத் தன் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். "டிசி கொடுத்துட்டோம்" என்பார்கள், எமிஸில் பெயர் அங்கேயே நிற்கும். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு அதற்காகப் போன் போட்டுக்கொண்டிருப்பது பெரிய பாடு. டிசி வாங்கும்போதே, "எமிஸ்ல காமன் பூலுக்கு அனுப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டு, எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேஸ். வெளியூருக்கு மாறும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியிலேயே ஒப்படைக்க வேண்டும். கட்டிய டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து, இணைப்பை முடித்ததற்கான வவுச்சரைத் தருவார்கள். புதிய ஊர் ஏஜென்சியில் அதைக் காட்டி, அன்றைய டெபாசிட் தொகையைக் கட்டி, இணைப்பைத் தொடரலாம். சிலிண்டரைச் சாமான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஆபத்து ஒருபக்கம் இருக்க, புதிய ஏஜென்சியில் அந்த வவுச்சர் இல்லாமல் காரியம் நடக்காது.

பிள்ளையின் தடுப்பூசி அட்டையை வீட்டுச் சாமானோடு கட்டிவிடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். மனைவி கர்ப்பமாக இருந்தால் பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கும், பிற்பாடு பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று: ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணை விட்டுவிட்டவர்களுக்கு ஓடிபி எங்கேயோ போகும். சென்னையில் எந்த முகவரி மாற்றத்தைத் தொடங்கினாலும் முதல் படியிலேயே நின்றுவிடுவீர்கள்.

2. வீட்டுக்கு முன்னால் பள்ளி

வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடுகிறவர்கள்தான் அதிகம். அது தலைகீழ். வாடகை வீடு எப்போதும் கிடைக்கும், பள்ளியில் இடம் எப்போதும் கிடைக்காது. பல தனியார் பள்ளிகளில் எல்கேஜி சேர்க்கை முந்தைய ஆண்டின் கடைசியிலேயே தொடங்கிவிடும். ஜூனில் சேர்க்க வேண்டும் என்றால் டிசம்பரிலேயே விசாரிக்க ஆரம்பியுங்கள். வேலை மாற்றம் திடீரென்று வந்தால் வேறு வழியில்லை. அப்போதும் வீட்டுத் தரகரிடம் பேசுவதற்கு முன் நாலைந்து பள்ளிகளுக்குப் போன் செய்து, எந்த வகுப்பில் இடம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

வயதுக் கணக்கையும் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் 5 வயது முடிந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரலாம். கேந்திரிய வித்யாலயாவில் 6 வயது முடிந்திருக்க வேண்டும். ஊரில் ஒன்றாம் வகுப்பு முடித்த பிள்ளையை இங்கே பாடத்திட்டம் மாற்றிச் சேர்க்கும்போது "மறுபடியும் ஒண்ணாம் வகுப்பா?" என்ற சிக்கல் இதனால்தான் வருகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்க்க நினைத்தால், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவில் விண்ணப்பிக்கிறவர்களின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வீடு பள்ளிக்கு அருகில் இருப்பதற்குச் சான்றும் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டு முகவரி முந்திக்கொள்கிறது. விண்ணப்பம் பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் வரும். முகவரிச் சான்று அதற்குமுன் கையில் இருந்தாக வேண்டும்.

அரசுப் பள்ளியையும் மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளிகளையும் பார்க்காமல் ஒதுக்காதீர்கள். பக்கத்துத் தெருவில் நல்ல பள்ளி இருக்க, பிள்ளையைத் தினமும் ஒன்றரை மணி நேரம் வேனில் அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரில் போய் ஆசிரியர்கள், கழிப்பறை, மைதானம் மூன்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே காலை உணவும் கிடைக்கிறது. ஆண்டு நடுவில் வருகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: டிசி வரத் தாமதம் என்ற காரணத்தைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

3. பகுதியை முடிவு செய்தல்

பள்ளி ஏறக்குறைய முடிவானதும், அதிலிருந்து நடந்தோ பத்து நிமிட வண்டி ஓட்டத்திலோ போகக்கூடிய வட்டத்துக்குள் தேடுங்கள். அலுவலகம் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் புறநகர் ரயிலோ மெட்ரோவோ எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சென்னையில் கிலோமீட்டரை வைத்துத் தூரத்தைக் கணக்கிட முடியாது. தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு ரயிலில் போகிறவர், பழைய மகாபலிபுரம் சாலையில் அதில் பாதித் தூரம் வண்டி ஓட்டுகிறவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள். தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. தெற்கே போகும் ரயில்கள் பலவும் தாம்பரத்தில் நிற்கும். தூங்குகிற பிள்ளையையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வடசென்னையிலிருந்து கிளாம்பாக்கம் போவது தனிப் பயணம். குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பக்கம் தென்மாவட்டக் குடும்பங்கள் நிறைய இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து மழை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடமோ தரகரிடமோ கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக்கடைக்காரர், பால் போடுகிறவர் ஆகியோரைக் கேளுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற இடங்களில் ஒரே பகுதிக்குள் ஒரு தெரு தப்பிக்கும், அடுத்த தெரு மூழ்கும். அதனால் பகுதிப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. கேட்டின் வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா பாருங்கள். இங்கே பழைய சாலையின் மேலேயே அடுத்தடுத்துப் புதுச் சாலை போட்டு, தரைத்தளம் பள்ளமாகிவிட்ட வீடுகள் ஏராளம். மின் மீட்டர் பெட்டியை ஆளுயரத்துக்கு மேலே தூக்கி வைத்திருந்தால், சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு ஓடினால், அங்கே தண்ணீர் வந்திருக்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அங்கே தரைத்தளம் வேண்டாம். முதல் மாடி போதும்.

4. வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்த்து மயங்குவதற்கு முன் குளியலறைக்குப் போங்கள். ஷவரின் துளைகளிலும் குழாய் வாயிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா பாருங்கள். குழாயைத் திறந்து கையில் கொஞ்சம் சோப்புப் போடுங்கள். நுரை வராமல் திரிதிரியாகப் போனால் அது கடுமையான போர் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, பிள்ளையின் தலைமுடி வறண்டுபோகும், வாஷிங் மெஷின் சீக்கிரம் கெடும். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் இரும்பு அதிகம்.

பிறகு வரிசையாகக் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்) இணைப்பு இருக்கிறதா? இருந்தால் தினமும் வருகிறதா, ஒன்றுவிட்ட நாளா? மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, அந்தச் செலவு யார் தலையில்? கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, செப்டிக் டேங்க்கா? டேங்க் என்றால் லாரி வைத்து எடுக்கும் செலவு யாருடையது? வாடகை இரண்டாயிரம் குறைவு என்று வந்தவர்கள், தண்ணீர் லாரியும் கேன் தண்ணீரும் சேர்ந்து அதைவிட அதிகம் தின்னுவதை முதல் கோடையில்தான் உணர்கிறார்கள்.

மின் மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்க வேண்டும். ஈபி கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் வேறு கணக்கில் ஏறும். இரண்டு வீட்டுக்கு ஒரே மீட்டரும், உள்ளே ஒரு சப்-மீட்டரும் என்றால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொல்வார்.

பிள்ளை இருக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது சம்ப் மூடி. தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்தோ, தகரத்தால் மூடியோ, எளிதில் நகரும்படியோ இருந்தால், பூட்டுப் போட்ட மூடி வைத்துத் தந்தால்தான் குடிவருவோம் என்று சொல்லிவிடுங்கள். நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இதைவிட ஆபத்தான இடம் அந்த வீட்டில் இல்லை. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே பிள்ளையின் தலை நுழையுமா, மொட்டைமாடிக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும்.

ஒரே வீட்டை இரண்டு நேரத்தில் பாருங்கள். ஞாயிறு மதியம் அமைதியாக இருக்கும் தெரு, திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் வாழ்க்கை.

5. அட்வான்ஸும் ஒப்பந்தமும்

ஆடி, மார்கழியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் அந்த மாதங்களில் வீடுகள் காலியாகவே கிடக்கும். வாடகையும் அட்வான்ஸும் குறைத்துப் பேச அதுதான் நேரம். ஆடியில் பேசி டோக்கன் கொடுத்துவிட்டு ஆவணியில் பால் காய்ச்சலாம்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்கிற பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சட்டத்தைச் சொல்லிப் பேசினால் இறங்கி வருகிறவர்கள் உண்டு.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: மெயின்டெனன்ஸ் எவ்வளவு, அதில் தண்ணீர் லாரி அடக்கமா, காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்குப் பிடிப்பார்களா, வாடகை எப்போது எவ்வளவு ஏறும். தரகருக்குப் பொதுவாக ஒரு மாத வாடகை. அதை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கொடுங்கள். அட்வான்ஸை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள், தரகர் கையில் கொடுக்க வேண்டாம்.

6. பால் காய்ச்சும் நாளும் சாமான் வரும் நாளும்

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவதும் சாமான் இறக்குவதும் ஒரே நாளில் வேண்டாம். நடுவில் நாலைந்து நாள் விடுங்கள். அந்த நாட்களில் பிளம்பர், எலக்ட்ரீஷியன் வேலை, ஜன்னலுக்குக் கொசுவலை, தொட்டி சுத்தம் செய்தல் எல்லாம் காலி வீட்டில் சுலபமாக முடியும். சாமான் இறங்கிய பிறகு கொசுவலை அடிக்க ஆளைக் கூப்பிட்டால், கட்டிலை நகர்த்தவே அரை நாள் போகும்.

முடிந்தால் சாமான் வரும் அன்று சின்னப் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். முடியாவிட்டால் ஒரு அறையை முதலில் ஒழுங்குசெய்து, பிள்ளையோடு ஒருவர் அங்கேயே இருங்கள்.

முதல் ராத்திரிக்கென்று ஒரு பெட்டி தனியாகக் கட்டுங்கள்: இன்டக்ஷன் அடுப்பு, அதில் வைக்கக்கூடிய ஒரு பாத்திரம், பால் பவுடர், பிள்ளையின் போர்வையும் பழகிய பொம்மையும், காய்ச்சல் மருந்து, டார்ச், பிளக் பாயின்ட் நீட்டிக்கும் பெட்டி, பூட்டு. இந்தப் பெட்டி லாரியில் ஏறக் கூடாது, உங்களோடு வர வேண்டும். புதிய கேஸ் இணைப்பு வரச் சில நாள் ஆகும், அதுவரை அந்த இன்டக்ஷன் அடுப்புதான் சமையலறை.

இருசக்கர வண்டியை ரயில் பார்சலில் அனுப்பினால் பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும், ஆர்சி நகலும் வேண்டும்.

7. முதல் வாரம்

மருத்துவர்தான் முதல் வேலை. தண்ணீரும் காற்றும் மாறுவதால் முதல் மாதத்தில் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஏதாவது ஒன்று வரும். ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சலில் அனத்தும் பிள்ளையை வைத்துக்கொண்டு போனில் மருத்துவமனை தேடும் நிலை வேண்டாம். நடந்து போகிற தூரத்தில் ஒரு குழந்தை மருத்துவர், ராத்திரியும் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனை, பக்கத்து மருந்துக்கடை ஆகிய மூன்றையும் பகலில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். பெரிய சிக்கல் என்றால் எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. தண்ணீரை, ஆர்ஓ இருந்தாலும், முதல் சில வாரம் காய்ச்சி ஆறவைத்தே கொடுங்கள்.

அடுத்து, பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். தடுப்பூசி பெரும்பாலும் புதன்கிழமைகளில். 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி வீடு மாறும் களேபரத்தில் தவறிவிடும். அட்டையைக் காட்டினால் விட்டுப்போனது எது என்று செவிலியர் சொல்வார். அங்கேயே அங்கன்வாடி எங்கே என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சத்துமாவுக்காக மட்டும் சொல்லவில்லை. அதே வயதுப் பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களும் ஒரே இடத்தில் சேர்வது அங்கேதான்.

8. முகவரி மாற்றம்: வரிசை தவறினால் இரட்டை அலைச்சல்

பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, பெரியவர் ஒருவரின் ஆதார், மற்றவர்களின் ஆதார், ரேஷன், வங்கி, வாக்காளர் பட்டியல். இதுதான் வரிசை. ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் சான்றாகிறது.

வீட்டில் ஒருவரின் ஆதார் முகவரி மாறிவிட்டால், மற்றவர்களுக்குத் தனித்தனியாகச் சான்று தேட வேண்டாம். குடும்பத் தலைவரின் முகவரியை வைத்து இணையத்திலேயே மாற்றலாம். விண்ணப்பித்த பிறகு குடும்பத் தலைவர் 30 நாளுக்குள் தன் கணக்கில் நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். பலரும் விண்ணப்பித்ததோடு மறந்துவிடுகிறார்கள், அது காலாவதியாகிவிடுகிறது. 5 வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் கைரேகை, கருவிழிப் பதிவையும் இதோடு முடித்துவிடுங்கள்.

ரேஷனில் கூட்டுக் குடும்ப அட்டையில் இருந்தவர்கள் முதலில் அங்கே பெயரை நீக்கிவிட்டுத்தான் புது அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். ஊரில் அப்பா, அம்மா அந்த அட்டையை வைத்து என்னென்ன உதவி பெறுகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8. படிவம் 6 புதிதாகச் சேருகிறவர்களுக்கு. இரண்டையும் குழப்பினால் இரண்டு இடத்தில் பெயர் வந்து நிற்கும்.

9. தெருவோடு சேர்வது

இதைத் தானாக நடக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். நடப்பதில்லை. வீட்டில் இருக்கிறவருக்கு முதல் மூன்று மாதம் மிகவும் தனிமையானது. ஊரில் கூப்பிட்ட குரலுக்கு அத்தையோ சித்தியோ வருவார்கள். இங்கே எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும். அலுவலகம் போகிறவர் இதைச் சோர்வு என்றோ குறை சொல்வது என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

பால் காய்ச்சிய அன்றே மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு மூன்றுக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாலோ இனிப்போ கொடுத்துப் பெயர் சொல்லி அறிமுகமாகிவிடுங்கள். "அக்கா, நாங்க மாடிக்குப் புதுசா வந்திருக்கோம்" என்று முதலில் நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு போன் எண்ணாவது வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் வரும் நேரத்திலிருந்து குப்பை வண்டி வரும் நேரம் வரை அவர்களைத்தான் கேட்கப்போகிறீர்கள். மாநகராட்சிப் பூங்காவுக்குத் தினமும் ஒரே நேரத்தில் போங்கள். ஒரே நேரத்தில் போனால்தான் ஒரே முகங்களைப் பார்ப்பீர்கள், பத்து நாளில் பிள்ளைகள் பேசிக்கொள்ளும், அடுத்து பெரியவர்கள் பேசுவார்கள். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இரண்டு மூன்று வழித்தடங்களைச் சும்மா ஏறிப் போய்ப் பழகிக்கொண்டால், எதற்கும் கணவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. ஒரு விடுமுறை நாளை அங்கே கழியுங்கள்.

பெரிய பிள்ளையின் வகுப்பாசிரியரை முதல் வாரத்திலேயே பார்த்து, ஊர் மாறி வந்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நெல்லைப் பேச்சையோ கோவைப் பேச்சையோ கேட்டு வகுப்பில் சிரிப்பார்கள். அதற்காக வீட்டில் பேச்சை மாற்றச் சொல்லாதீர்கள். ஊர் நண்பனுக்கு வாரம் ஒருமுறை வீடியோ கால் போட்டுக் கொடுங்கள். சாப்பாடு குறைவது, மறுபடி படுக்கையை நனைப்பது போன்றவை சில வாரம் இருக்கும். திட்டாமல் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு மாதம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.

10. அக்டோபருக்கு முன்

எந்த மாதம் குடிவந்தாலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். பிள்ளைக்கு நான்கு நாளைக்கான பால் பவுடர், மருந்து, டயப்பர், ஐந்தாறு கேன் தண்ணீர், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் இருக்கட்டும். மழை கனக்கும்போது வண்டியை எங்கே மேடான இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் தண்ணீர் தேங்கினாலும் மரம் விழுந்தாலும் 1913, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் போனில் மட்டும் வைக்காமல், ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் மின்சாரம் இல்லாதபோது போனிலும் சார்ஜ் இருக்காது.